கத்திரி பேசிய நாள்

அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்றபடி அவர் எல்லோருக்கும் கத்திரிதான். வானொலி நிலையத்தில் டேப் வெட்டும் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. அப்போதெல்லாம் பேச்சு பழுப்பு நாடாவில் பதிவாகும். பேசியவர் தொண்டையைச் செருமியிருந்தாலோ, சொன்னதையே திரும்பச் சொல்லியிருந்தாலோ, அந்த இடத்தைக் காதால் தேடிப் பிடித்து, பிளேடால் சாய்வாக வெட்டியெடுத்துவிட்டு, இரண்டு முனைகளையும் சேர்த்து ஒட்ட வேண்டும். அந்த வேலையில் கத்திரியை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மூச்சுக்கு மூச்சு ‘வந்து... வந்து...’ என்று இழுத்துப் பேசிய ஒரு அமைச்சரின் உரையை அவர் சுத்தம் செய்து கொடுத்தபோது, ஒலிபரப்பைக் கேட்ட அமைச்சரே ‘நானா இது?’ என்று அசந்துபோனாராம். கத்திரி அதோடு விடவில்லை. வெட்டியெறிந்த ‘வந்து’களை எல்லாம் பொறுக்கி வரிசையாக ஒட்டி, மதிய இடைவேளையில் போட்டுக் காட்டினார். நிலையமே வயிறு வலிக்கச் சிரித்தது. நிலைய இயக்குநரும் சிரித்துவிட்டு, பிறகு விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார்.

அதே வருடம் அங்கே அறிவிப்பாளராகச் சேர்ந்தவர் வெண்கலம். குரல் அப்படி. அவர் மணி சொன்னால் நின்றுபோன கடிகாரமும் ஓடும் என்று கேலி செய்வார்கள். ஆனால் குரல் இருந்த அளவுக்குச் சரக்கு இல்லை. நேரலை என்றால் தடுமாறுவார். பதிவு என்றால் பயமே கிடையாது. “டேய், நான் பாட்டுக்கு உளறிட்டுப் போறேன், நீ பார்த்துக்க” என்று கத்திரியின் தோளைத் தட்டிவிட்டுப் போவார். அவர்களுடைய நீண்ட கால நட்பைக் காய்ச்சி வடித்தால் அந்த ஒரு வாக்கியம்தான் மிஞ்சும்.

ஆட்குறைப்பு வந்தபோது இருவருமே வெளியே வந்தார்கள். வெண்கலத்துக்கு விளம்பரங்கள் கிடைத்தன. பெயிண்ட், மெத்தை, மூட்டு வலித் தைலம் என்று எதற்கும் அந்தக் குரல் பொருந்தியது. கத்திரிக்குக் கல்யாண வீடியோக்கள். பிறகு வெண்கலம், எழுத்தாளர்களோடு உரையாடும் பாட்காஸ்ட் ஒன்றைத் தொடங்கினார். பெயர் ‘பக்கத்து நாற்காலி’. பேசுவது அவர், வெட்டுவது இவர் என்பதைத் தனியாகப் பேசி முடிவு செய்ய வேண்டியிருக்கவில்லை.

வெண்கலம் புத்தகம் படிக்கும் முறையே தனி. பின்னட்டை, முன்னுரை, நடுவில் எந்தப் பக்கம் தானாகத் திறந்துகொள்கிறதோ அந்தப் பக்கம். அதோடு சரி. கேள்விகளும் மாறுவதில்லை. இந்த நூலுக்கான பொறி எங்கே விழுந்தது? உங்கள் முதல் வாசகர் யார்? எழுத்து என்பது உங்களுக்கு என்ன? இதை அந்தக் குரலில் கேட்டால், எதிரே உட்கார்ந்திருப்பவர் தன்னை இதுவரை யாருமே இவ்வளவு ஆழமாகக் கேட்டதில்லை என்று நெகிழ்ந்துபோவார். வெண்கலம் கதாநாயகியின் பெயரை மாற்றிச் சொன்ன இடத்தையும், மூன்றாவது நாவலை முதல் நாவல் என்று சொன்ன இடத்தையும் கத்திரி பிறகு எடுத்துவிடுவார். கேட்பவர்களுக்கு வெண்கலம் ஒரு கரைகண்ட படிப்பாளி.

கத்திரியும் ஒரு நாவல் எழுதியவர் என்பது அந்தக் கேட்பவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

அது பழைய கதை. அவர் மனைவி ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். கல்யாணமான புதிதில், மழையில் காயாத சட்டை ஒன்றை முகர்ந்து பார்த்துக்கொண்டே தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். அவர் சோப்புத் தொழிற்சாலையில் கிடங்குப் பொறுப்பாளர். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சோப்பு வாசனை வீட்டுக்குள் வந்துவிடும். அவள் சிறுமியாக இருந்தபோது ஒரு நாள், துவைக்கப் போட்ட சட்டையில் அந்த வாசனை இல்லை. புல்லும் புழுதியும் வெயிலும் மணந்தன. மறுநாளும் அப்படித்தான். வேலை போனதை அவர் வீட்டில் சொல்லவில்லை. காலையில் இஸ்திரி போட்ட சட்டையும் சாப்பாட்டுப் பையுமாகக் கிளம்பிப் போய், பகல் முழுக்கப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு, ஆலைச் சங்கு ஊதிய பிறகு வீடு திரும்பினார். வீட்டில் அதை முதலில் கண்டுபிடித்தது அவள்தான். அம்மாவின் மூக்குக்கு எட்டிவிடக் கூடாதென்று அப்பாவின் சட்டையை ஓடிப்போய் முதலில் எடுத்து வாளியில் முக்கினாள். சோப்பை வேண்டுமென்றே கூடுதலாகப் போட்டாள். பல மாதங்கள்.

“எனக்குத் தெரியும்ங்கறது அப்பாவுக்குத் தெரியுமா தெரியாதா, அது மட்டும் கடைசி வரைக்கும் எனக்குப் பிடிபடல” என்றாள்.

கத்திரி அதைத்தான் எழுதினார். ‘பகல்வேலை’ என்று பெயர் வைத்தார். அவர் கிறுக்கிய காகிதங்களை அவள் அலுவலக நேரம் முடிந்த பிறகு வழக்கறிஞரின் அனுமதியோடு டைப் அடித்தாள். அடிக்கும்போதே வாசித்தாள், வாசிக்கும்போதே சண்டை போட்டாள். “கடைசியில அந்தப் பொண்ணு அப்பாகிட்டப் போய்ச் சொல்லிடற மாதிரி எழுதியிருக்கீங்களே, அவ சொல்ல மாட்டா. செத்தாலும் சொல்ல மாட்டா.” அவர் சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்துவிட்டு, அந்த அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டார். நாவல் தேறியதே அந்தக் கிழிப்பினால்தான். அச்சாகி வந்த புத்தகத்தின் சமர்ப்பணப் பக்கத்தில் ‘உழைக்கும் மக்களுக்கு’ என்று இருந்தது. அவள் அதைப் பார்த்துச் சிரித்தாள். “நானும் அதுல அடக்கம்தானே?” என்று கேட்டாள். அவரும் சிரித்தார்.

புத்தகம் விற்கவில்லை. ஒரு சிறுபத்திரிகையில் நாலு வரி வந்தது. மிச்சப் பிரதிகள் கட்டுக்கட்டாகக் கட்டிலுக்கு அடியில் போயின. வெண்கலத்துக்குக் கையெழுத்துப் போட்டு ஒரு பிரதி கொடுத்தார். “படிச்சிட்டு விரிவாப் பேசறேன்டா” என்று வாங்கிக்கொண்டவர் அதன்பின் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கத்திரியும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எழுதவும் இல்லை.

மகள் வேலை கிடைத்து வெளியூர் போன பிறகு, அவளுடைய அறையைக் கத்திரி எடிட்டிங் அறையாக்கிக்கொண்டார். எதிரொலி கேட்காமலிருக்கச் சுவரெல்லாம் பழைய போர்வைகளை ஆணியடித்துத் தொங்கவிட்டார். மனைவி வேலையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டு, இரண்டு டம்ளர் டீயோடு அந்த அறைக்கு வருவாள். அந்த வாரத்து எழுத்தாளரை, வெட்டுவதற்கு முன்னால் இருக்கும் கோலத்தில், இருவரும் சேர்ந்து கேட்பார்கள். அவர்களுக்கு அதைவிடப் பெரிய பொழுதுபோக்கு கிடையாது. எந்த எழுத்தாளர் எப்போது பெருமூச்சு விடுவார், எப்போது குரலைத் தாழ்த்துவார் என்பதெல்லாம் மனைவிக்கு அத்துப்படி. “இப்ப பாருங்க, ‘தவம்’னு சொல்வாரு” என்பாள். அவர் ‘எழுத்து ஒரு தனிமையான தவம்’ என்பார். அவள் டீயைச் சிந்திக்கொண்டு சிரிப்பாள்.

ஒரு முறை மூத்த எழுத்தாளர் ஒருவரை அவர் வீட்டிலேயே பதிவு செய்திருந்தார் வெண்கலம். “முதல் வாசகரா? அப்படி யாரும் எனக்கு வாய்க்கலை. நான் தனி ஆள்” என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பின்னால் ஒரு பெண் குரல், “மாத்திரை போட்டாச்சா?” என்று கேட்டது. கத்திரி அந்தக் குரலை எடுத்துவிட்டார்.

“அந்தம்மாவையும் வெட்டிட்டீங்களா?” என்றாள் மனைவி.

“பின்ன? குறுக்க பேசினா வெட்டத்தான் செய்வாங்க.”

“நல்லா இருக்கு நியாயம்” என்று அவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு இருவருக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

ஒரு நாள் காலை, விருது வாங்கிய ஒரு நாவலாசிரியர் ஸ்டூடியோவுக்கு வர வேண்டியவர், கடைசி நேரத்தில் தொண்டை கட்டிவிட்டது என்று செய்தி அனுப்பினார். வெண்கலம் கையைப் பிசைந்தார். அடுத்த நாள் நிகழ்ச்சி வெளியாக வேண்டும். கையிருப்பில் வேறு பதிவு இல்லை. அறைக்குள் மேலும் கீழும் நடந்தவர், மைக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்த கத்திரியின் முதுகைப் பார்த்து நின்றார்.

“டேய், நீ கூட ஏதோ ஒரு புக்கு எழுதினேல்ல?”

கத்திரி திரும்பவில்லை. ஒயரைச் சுற்றிக்கொண்டே, “ஆமா” என்றார்.

“உட்காரு. உன்னையே போட்டுடலாம். திரைக்குப் பின்னாடி இருக்கற ஆளு, அது இதுன்னு நல்லா ஓடும்.”

ஓட்டையை அடைக்கக் கிடைத்த துணி தான் என்பது கத்திரிக்கு நன்றாகவே தெரிந்தது. இருந்தாலும் மறுக்கத் தோன்றவில்லை. எத்தனையோ பேருக்காக அந்த நாற்காலியின் உயரத்தைச் சரி செய்தவர், தனக்கும் ஒரு நாள் வரும் என்று உள்ளுக்குள் எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார் என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. வெண்கலத்தின் கையில் புத்தகம் இல்லை. கொடுத்த பிரதி எங்கே போனதோ. கத்திரி மனைவிக்குப் போன் செய்தார்.

அவள் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய், கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து ஒரு கட்டைப் பிரித்து, பூச்சி அரிக்காத பிரதியாகத் தேடியெடுத்து, பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். கூடவே நீலச் சட்டை ஒன்றும் இஸ்திரி போட்டுக் கொண்டுவந்திருந்தாள்.

“ரேடியோவுக்கு எதுக்கு சட்டை?” என்றார் கத்திரி.

“போட்டோ எடுப்பாங்கல்ல? அந்தச் சாயம் போனதோடவா நிப்பீங்க?” அவர் காலரைச் சரி செய்தாள். நெற்றியெல்லாம் வியர்வை; முழங்கையில் கட்டிலடித் தூசி. “தண்ணி குடிச்சிட்டுப் பேசுங்க. இழுக்காதீங்க. நீங்க மத்தவங்களைச் சொல்ற மாதிரி உங்களை யாரும் சொல்லிடக் கூடாது.”

“நீயும் இருந்து கேட்டுட்டுப் போயேன்.”

“ஐயோ, வக்கீல் கொன்னுடுவாரு. வந்தப்புறம் கேட்டுக்கறேன்.” அவள் படியிறங்கிப் போய்விட்டாள்.

வெண்கலம் புத்தகத்தை வாங்கிப் பின்னட்டையைப் படித்தார். நடுவில் ஒரு பக்கம் தானாகத் திறந்துகொண்டது. வாளியும் சட்டையும் வரும் பக்கம். பஸ்ஸில் வரும்போது மனைவி பிரித்துப் பார்த்த பக்கமாக இருக்கலாம். வெண்கலம் அதை மைக் முன்னால் வாசித்தார். அந்தக் குரலில் கேட்டபோது கத்திரிக்குக் கண் கலங்கிவிட்டது. இதை நானா எழுதினேன் என்று பட்டது.

“இந்தக் கதைக்கான பொறி எங்கே விழுந்தது?” என்றார் வெண்கலம்.

கத்திரி தண்ணீர் குடித்தார். பிறகு பேசினார். “ஒரு நாள் பூங்காவுல ஒரு மனுஷரைப் பார்த்தேன். இஸ்திரி போட்ட சட்டை, மடியில சாப்பாட்டுப் பை. ஆபீஸ் நேரத்துல இவர் ஏன் இங்க உட்கார்ந்திருக்காருன்னு ஒரு கேள்வி. அந்தக் கேள்விதான் நாவல்.”

“அந்தச் சோப்பு வாசனை? அபாரமான இடம் அது.”

“அது... எழுதும்போது தானா வந்தது. எங்கேயிருந்து வந்ததுன்னு எனக்கே தெரியாது. சில விஷயங்கள் அப்படித்தான் வரும்.”

“முதல் வாசகர்?”

“யாருமில்லை. அந்த நாட்கள்ல நான் தனியாத்தான் இருந்தேன். எழுத்து தனிமையிலதான் நடக்குது.”

இழுக்கவில்லை, திக்கவில்லை. பல வருடமாகக் காதில் விழுந்துகொண்டிருந்த வாக்கியங்கள், தம் முறை வந்ததும் வரிசையாக இறங்கி வந்தன. பொய் சொல்லும் நினைப்பு அவருக்குக் கடுகளவும் இல்லை. எழுத்தாளர் இப்படித்தான் பேசுவார், அவரும் பேசினார். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து, தானே தன்னை வெட்ட உட்கார்ந்தார். மனைவி டீயோடு எட்டிப் பார்த்தபோது, “முழுசா முடிச்சிட்டுப் போட்டுக் காட்டறேன், இப்ப வேணாம்” என்று கதவைச் சாத்திக்கொண்டார். இதுவரை அப்படிச் சாத்தியதில்லை. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு தன் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டார். நாற்காலி கிறீச்சிட்டதை எடுத்தார். உமிழ்நீர் விழுங்கியதை எடுத்தார். வெண்கலம் ஓர் இடத்தில் ‘உங்கள் சிறுகதைத் தொகுப்பு’ என்று உளறியிருந்தார், அதையும் எடுத்தார். ‘தனியாத்தான் இருந்தேன்’ என்பதற்கு முன்னால் ஒரு சின்ன மௌனம் இருந்தது. அதைக் கொஞ்சம் நீட்டினால் கனமாக இருக்கும் என்று தோன்றியது. நீட்டினார். நன்றாக வந்தது. அந்த வாக்கியத்தை அன்று மாலை எத்தனை முறை கேட்டிருப்பாரோ, அதில் ஒலி சம்பந்தமான குறை எதுவும் அவருக்குத் தட்டுப்படவில்லை.

வெளியானதும் பாராட்டு வந்து குவிந்தது. இத்தனை நாள் இவர் எங்கே ஒளிந்திருந்தார் என்று கேட்டார்கள். பதிப்பாளர் மறுபதிப்புப் போடலாமா என்று கேட்டார். வெண்கலம், “டேய், நாம ஏன் இதை முன்னாடியே பண்ணல?” என்று அப்பாவியாகக் கேட்டார்.

மனைவி காலையில் பஸ்ஸில் போகும்போது கேட்டிருக்கிறாள். மாலையில் வந்து செருப்பைக் கழற்றினாள்.

“கேட்டியா?”

“கேட்டேன். தெளிவாப் பேசியிருக்கீங்க. எங்கயும் இழுக்கல.”

“அவ்வளவுதானா?”

“போட்டோ நல்லா வந்திருக்கு. நீலம் உங்களுக்கு எடுப்பா இருக்கு” என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள். கத்திரிக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். அலுவலகத்தில் என்ன தொல்லையோ என்று நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் போன் செய்தாள். முதலில் ஒரே புகழ்ச்சி. பிறகு குரல் மாறியது.

“அப்பா, ஒண்ணு கேட்கவா? அது தாத்தா கதைதானே?”

“எது?”

“அந்த சோப்பு. அம்மா எனக்குச் சின்ன வயசுலயே சொல்லியிருக்காளே. நீ என்னமோ பூங்காவுல யாரையோ பார்த்தேன்னு சொல்றே. தானா வந்ததுன்னு சொல்றே. முதல் வாசகர் யாருமே இல்லையாம். அப்ப ராத்திரி பகலா டைப் அடிச்சது யாரு, வக்கீலா?”

கத்திரி போனை மறு காதுக்கு மாற்றினார். காதுக்குள் யாரோ வெந்நீர் ஊற்றியது போலிருந்தது.

“அம்மா ஒண்ணும் சொல்லலையே” என்றார்.

“அவ எப்பப்பா சொல்லியிருக்கா?” என்றாள் மகள்.

அன்று மனைவி கடைக்குப் போயிருந்த நேரத்தில் அவர் அறைக்குள் போய்ப் பதிவைத் திறந்தார். தப்பான இடத்தை வெட்டிவிடலாம். அது ஒரு நொடி வேலை. ஆனால் வெட்டினால் அங்கே ஒன்றுமே இருக்காது. சொல்லாததை எங்கிருந்து கொண்டுவருவது? வெண்கலத்தைக் கூப்பிட்டு மறுபடி பதிவு செய்யலாம். அப்படியானால் முதலில் சொன்னது பொய் என்று அவரிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். மனைவி கடையிலிருந்து வந்ததும் நேராக அவளிடமே நாலு வார்த்தை பேசலாம். அது அவருக்கு வராது. கத்திரிக்குத் தெரிந்தது ஒரே ஒரு வேலை. அதைத்தான் அவர் செய்தார்.

தன் பேச்சு முழுவதையும் சலித்தார். ‘என் மனைவி’ என்று அவர் ஓரிடத்திலும் சொல்லியிருக்கவில்லை. ‘மனைவி’ என்ற சொல் ஒரு முறை வந்திருந்தது, நாவலில் வரும் பாத்திரத்தைப் பற்றி: ‘அவருடைய மனைவிக்குத் தெரியாது.’ அதிலிருந்து ‘மனைவி’யை மட்டும் உருவினார். வேறொரு வாக்கியத்திலிருந்து ‘என்’. இன்னொன்றிலிருந்து ‘தான்’. ‘சொன்ன’, ‘கதை’, ‘முதல்ல’, ‘படிச்சது’ என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். சுருதி இறங்கிய சொல்லைத் தூக்கினார், ஏறியதை அமுக்கினார், நடுவில் தன் மூச்சுகளையே எடுத்துச் செருகினார். இரண்டு மூன்று நாள் அதே வேலை. தன் வாழ்நாளிலேயே மிகச் சிறந்த எடிட்டிங் அதுதான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கைகளுக்கு ஒரு பழைய உற்சாகம்கூட வந்துவிட்டது, சீட்டியடித்தார்.

பழையதை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றினார். பிறகு மனைவியைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“இதைக் கேளேன்.”

அவருடைய குரல் சொன்னது: “இது என் மனைவி சொன்ன கதை. முதல்ல படிச்சதும் என் மனைவிதான்.”

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். இன்னொரு முறை போடச் சொன்னாள். போட்டார். திரையில் ஓடும் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று அவர் பார்த்தார்.

“ஒட்டின எடம் தெரியவே இல்ல” என்றாள்.

கத்திரி வாயைத் திறந்தார்.

“நிஜமாத்தான் சொல்றேன். எனக்கே தெரியலைன்னா வேற யாருக்கும் தெரியாது.” அவள் எழுந்தாள். “நீங்க இதைச் சொல்லல. எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். நீங்க என்ன சொன்னீங்களோ அதையே போட்டுடுங்க. அதுவாவது உங்க வாயில வந்தது.”

“நான் வேணும்னு...”

“வேணும்னு பண்ணியிருந்தா சண்டை போட்டிருப்பேன்.”

அவள் கத்தவில்லை, அழவில்லை, கதவைச் சாத்தக்கூட இல்லை. கத்திரி பழைய பதிவையே மறுபடி ஏற்றினார். அவ்வளவு பாடுபட்டுச் செய்த ஒட்டுவேலையை அழிக்க மனம் வராமல் கணினியில் எங்கோ வைத்திருக்கிறார் என்று பிறகு மகளுக்குத் தெரியவந்து, அதற்கும் ஒரு சண்டை நடந்தது. மாலை டீ வந்தது; ஆனால் ஒரு டம்ளர்தான் வந்தது. அவள் வழக்கறிஞரிடமிருந்து வேலைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கூடத்தில் உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்தாள். கத்திரி அந்த வாரத்து எழுத்தாளரைத் தனியாகக் கேட்டார். ‘தவம்’ வந்தது. அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுபதிப்பு வந்தது. சமர்ப்பணப் பக்கத்தை மாற்றுகிறீர்களா என்று பதிப்பாளர் கேட்டபோது, கத்திரி மனைவியிடம் போய் நின்றார். “உழைக்கும் மக்கள் அப்படியே இருக்கட்டும். அவங்க என்ன பாவம் பண்ணாங்க?” என்றாள் டைப் அடிப்பதை நிறுத்தாமல்.

அதற்கும் பிறகு ஒரு நாள், முன்கூட்டியே போன் செய்துவிட்டு, ஒரு செவிலிப் பெண் அவரைப் பார்க்க வந்தாள். பெரிய மருத்துவமனையில் வேலை. பாட்காஸ்ட் கேட்டு, புத்தகத்தை வாங்கி, இரண்டு தடவை படித்ததாகச் சொன்னாள். அவளுடைய அப்பாவும் வேலை போனதை வீட்டில் மறைத்தவராம். அதைச் சொல்லும்போதே குரல் உடைந்தது. மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

“நீங்க கொடுத்து வச்சவங்க அக்கா” என்றாள் அந்தப் பெண். “சார் புக்கை நீங்களும் படிச்சிருப்பீங்கல்ல?”

“எனக்கு எங்கம்மா நேரம்?” என்று சொல்லிவிட்டு மனைவி சமையலறைக்குள் போனாள். பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

செவிலிப் பெண் புத்தகத்தைப் பிரித்தாள். பக்க ஓரங்களில் பென்சில் கோடுகள். “சார், இந்தப் பொண்ணு அப்பா சட்டைக்கு சோப்பு அதிகமாப் போடறாளே, அம்மாவுக்குத் தெரியக் கூடாதுன்னு. இதைப் படிச்சிட்டு நான் ஒரு நாள் முழுக்க யாரோடயும் பேசல. ஒரு ஆம்பளைக்கு இது எப்படித் தெரியும்? யாராவது சொன்னாங்களா?”

சமையலறையில் குழாய் நின்றது. அது நின்றதைக் கவனிக்கக் கத்திரிக்குத் தனியாக முயற்சி எதுவும் வேண்டியிருக்கவில்லை; காது அப்படிப் பழகியது. வீடு நிசப்தமாக இருந்தது. குறுக்கே யாரும் பேசவில்லை. மைக் இல்லை, வெண்கலம் இல்லை, அவசரமும் இல்லை. சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். சமையலறைப் பக்கம் கையைக் காட்டியிருந்தால்கூடப் போதும்.

அந்தப் பெண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கண்களில் இருந்த மரியாதையை இதற்கு முன் யாருமே அவருக்குக் கொடுத்ததில்லை. கையைக் காட்டினால் அந்தப் பார்வை அந்தப் பக்கம் திரும்பிவிடும்.

“எழுதறவன் கவனிச்சுக்கிட்டே இருக்கணும்மா” என்றார் கத்திரி. “அவ்வளவுதான் ரகசியம்.”

கொஞ்ச நேரம் கழித்துக் குழாய் திறந்தது.

கையெழுத்து வாங்கிக்கொண்டு அவள் கிளம்பியபோது, மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். “பஸ் ஸ்டாப் எங்கன்னு தெரியாதுல்ல? இரு, நான் கொண்டுவந்து விடறேன்” என்று செருப்பை மாட்டிக்கொண்டு அவளோடு இறங்கினாள்.

கத்திரி ஜன்னலருகே வந்து நின்றார். தெருமுனையில் இருவரும் நிற்பது தெரிந்தது. முதல் பஸ் வந்தது, போனது. அந்தப் பெண் ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை. மனைவிதான் பேசிக்கொண்டிருந்தாள், நிறுத்தாமல். அந்தப் பெண் ஒரு முறை வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு தூரத்திலிருந்து ஒரு சொல்கூட ஜன்னலுக்கு வரவில்லை.

திரும்பி வந்தவளிடம், “அவ்வளவு நேரம் என்ன பேசினீங்க?” என்று கேட்டார்.

“சும்மாதான்” என்றாள்.

அந்தச் செவிலிப் பெண் அதன்பின் கத்திரியை ஒரு முறையும் அழைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியின் போன் அடிக்கும். அவள் அதை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவாள்.